கிறிஸ்ரியன் நேம்

கிளிநொச்சி கராஜில் வீரகத்திக்கு ஒரு பழக்கம் இருந்தது. உழவு மெசின் வாசலுக்குள் திரும்பும்போதே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், "மூண்டாவது நொசில் அடைச்சுப் போச்சு" என்பான். கழற்றிப் பார்த்தால் டீசல் பீச்சும் குழாய்களில் மூன்றாவதுதான் அடைத்திருக்கும். டீசல் எஞ்சினின் சத்தத்தை அவன் காது அப்படிப் பிரித்துக் கேட்கும். தர்மபுரம் குடியேற்றத்திலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வருகிற அந்த மனிதனுக்குத் தன் காதைப் பற்றி இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமையை நிம்மதியாக அனுபவிக்க விடாமல் ஒருவன் இருந்தான். அவனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த யோசெப்.

யோசெப் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். எஞ்சின் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து, வரி வரியாக விரலால் தடவித்தான் வேலை செய்வான். வீரகத்தி அரை மணியில் முடிப்பதற்கு அவனுக்கு அரை நாள் வேண்டும். ஆனால் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் அவனிடம் இருந்தது. கொழும்பிலிருந்து எஞ்சினியர் வந்தால் யாரோடு பேசுவார்? யோசெப்போடு. புது மெசின் இறங்கினால் முதலில் யாரைக் கூப்பிடுவார்? அதற்கும் யோசெப்தான். வீரகத்தி கையில் ஸ்பனரோடு ஓரமாக நிற்பான்.

"அவன் பூட்டின எஞ்சினை நான் திருப்பிக் கழட்டிப் பூட்டுறன். பேர் அவனுக்கு" என்று வீட்டுக்கு வந்து மனைவி இராசமலரிடம் கொட்டுவான்.

"அப்ப நீங்களும் ரெண்டு இங்கிலீசுச் சொல்லுப் பாடமாக்குங்கோவன்" என்பாள் அவள். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு அவளோடு பேச்சு இராது.

அறுபத்துமூன்றாம் ஆண்டு, எஞ்சினியர் ஐந்தாறு படிவங்களைக் கொண்டுவந்து கராஜ் மேசையில் வைத்தார். இங்கிலாந்தில் ஒரு பஸ் கொம்பனி டீசல் மெக்கானிக்குகளை எடுக்கிறதாம். கைத்தொழில் தெரிந்தால் போதும், வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. வீரகத்திக்கு அப்போது முப்பத்துநாலரை. கடவுள் தன்னை நினைத்துத்தான் அந்த வயதைப் போட்டிருக்கிறார் என்று அவன் நம்பினான். எஞ்சின் எந்த நாட்டிலும் ஒரே பாஷையில்தான் இருமும். அங்கே புத்தகத்தைத் தடவுகிறவனை எவன் மதிப்பான்?

வீட்டில், நெற்றியில் புதிதாகத் திருநீறு பூசிக்கொண்டு, மேசையில் படிவத்தை விரித்தான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு அவனுக்குத் தெரியும். முதலாவது கோட்டுக்கு முன்னால் இருந்த சொல் முழுதாக விளங்கவில்லை, ஆனால் அதன் கடைசியில் 'நேம்' இருந்தது. வீரகத்தி என்று எழுதினான். இரண்டாவது கோட்டுக்கு வந்தான். 'கிறிஸ்ரியன் நேம்.'

கிறிஸ்ரியன் என்றால் என்ன என்பது கிளிநொச்சியில் எவருக்குத்தான் தெரியாது? வேதக்காரன். வேதக்காரப் பெயரை எழுதச் சொல்கிறான். அந்தோனியோ, மத்தேயுவோ, யோசெப்போ எழுத வேண்டும். விநாயகரின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறவன் அதில் என்னத்தை எழுதுவது?

வெள்ளைக்காரன் தன்னுடைய ஆட்களைத்தான் எடுக்கிறான்! யோசெப்பின் தலையில் குழந்தையிலேயே தண்ணீரை ஊற்றி, அப்போதே லண்டனுக்கு ரிக்கற் வெட்டியிருக்கிறார்கள். காதும் வேண்டாம், கையும் வேண்டாம். யாரிடமாவது ஒரு வார்த்தை விளக்கம் கேட்டிருக்கலாம். ஆனால் கராஜில் இங்கிலீஷ் தெரிந்தவன் ஒரே ஒருவன். அவனிடம் போய்க் கேட்பதைவிட டீசலைக் குடித்துவிடலாம். வீரகத்தி படிவத்தை நாலாக மடித்துக் குசினி அடுப்பில் போட்டான்.

யோசெப் சும்மா இருக்கவில்லை, இரண்டு தரம் கேட்டான். "வீரகத்தி, போம் போட்டாச்சோ? விளங்காத இடம் கிடந்தாக் கொண்டா, நான் நிரப்பித் தாறன்."

"எனக்கென்ன விசரே? நான் லண்டனுக்குப் போனா என்ரை வயலை ஆர் பாக்கிறது?" என்றான் வீரகத்தி. தர்மபுரத்திலோ வேறு கதை சொன்னான். வேதக்காரரை மட்டும்தான் எடுக்கிறார்களாம், இல்லாவிட்டால் தனக்கு நிகர் ஆர் என்று. ஊரும் நம்பியது. அநியாயம் நடந்த மனிதன் என்று அவனுக்கு ஒரு மரியாதைகூட வந்தது.

பத்து மாதத்தில் யோசெப்புக்குக் கொம்பனியின் வேலைக் கடிதம் வந்தது. கராஜில் தேத்தண்ணி விருந்து வைத்தார்கள். யோசெப்பின் மனைவி யூலிற்றா எல்லோருக்கும் தன் கையால் பலகாரம் கொடுத்தாள். அவளுடைய சிரிப்பைப் பார்க்கவே வீரகத்திக்குப் பிடிக்கவில்லை. இராசமலர் ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருப்பாளா? பலகாரத்தைக் கடித்தபடியே, பகிடி போலச் சொன்னான்.

"நானும் உங்கடை வேதத்திலை பிறந்திருந்தா இண்டைக்குப் பெட்டி கட்டியிருப்பன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றான் யோசெப்.

"போமிலை போட்டிருந்ததே, கிறிஸ்ரியன் நேம் எண்டு."

யோசெப் அவனைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது அடிக்கலாம்.

"அட கடவுளே. வெள்ளைக்காரன் ஒருத்தன்ரை சொந்தப் பேரை அப்பிடித்தான் சொல்லுறவன். மேலை அப்பரின்ரை பேர், கீழை உன்ரை பேர். அவ்வளவுதான். கொழும்பிலை என்னோடை நேர்முகத்துக்கு வந்ததிலை முக்கால்வாசி சைவக்காரரும் புத்தசமயக்காரரும். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, வீரகத்தி?"

வீரகத்தியின் வாயில் பலகாரம் மண்ணாகிவிட்டது. அதுவரை அவனிடம் ஒரு நியாயமாவது இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பத்து மாதமாக யோசெப்பைத் திட்டினான், வெள்ளைக்காரனைத் திட்டினான். இப்போது திட்டுவதற்குத் தன்னைத் தவிர ஆளில்லை. பொறாமை மட்டும் ஒரு பிடி குறையாமல் அப்படியே கிடந்தது. உண்மையை அவன் இராசமலரிடம் சொல்லவில்லை. ஊரிலும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தான்.

யோசெப் போய்ச் சேர்ந்து ஒரு படம் அனுப்பினான். இரண்டு தட்டுப் பஸ்ஸுக்கு முன்னால், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டோடு நின்றான். எஞ்சினியர் அதைக் கராஜ் சுவரில் ஒட்டச் சொன்னார். வீரகத்தி அந்தப் பக்கம் முதுகு காட்டியே வேலை செய்தான்.

அடுத்த ஆண்டு அதே கொம்பனியின் படிவங்கள் மறுபடி வந்தன. வீரகத்திக்கு வயது தாண்டிவிட்டது. யோசெப் போன பிறகு கராஜில் வேலைக்குச் சேர்ந்த தவராசாவுக்கு முப்பத்தொன்று. துணுக்காய்ப் பக்கத்தவன், இரண்டு பிள்ளைக்காரன். கை சுத்தம், ஆனால் வீரகத்தியின் காதில் கால்வாசியும் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் படிவத்தோடு வீரகத்தியிடம் வந்து குந்தினான்.

"அண்ணை, இதிலை கிறிஸ்ரியன் நேம் எண்டு கிடக்குது. நாங்கள் சைவக்காரர் என்னத்தை எழுதுறது?"

சொல்வதற்கு இரண்டே சொல் போதும். உன்ரை பேர். வீரகத்தி சோற்றைப் பிசைந்தான். இவனுமா கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கப்போகிறான்? இவனுமா?

"அது வேதக்காரருக்கு" என்றான். "எங்களை எடுக்கமாட்டாங்கள். நான் ஏன் போகேல்லை எண்டு நினைக்கிறாய்?"

தவராசாவின் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு ஒரு பெருமூச்சு விட்டான். "நல்ல காலம் உங்களைக் கேட்டன், அண்ணை. அனுப்பிப்போட்டு வெக்கப்பட்டிருப்பன்." படிவத்தைக் கிழித்துக் கையிலிருந்த கிறீசைத் துடைத்தான். அன்றிலிருந்து அவனுக்கு வீரகத்தி கூடப்பிறந்த அண்ணன்போல ஆகிவிட்டான். தைப்பொங்கலுக்கு அவன் வீட்டுப் பொங்கலில் முதல் பங்கு வீரகத்தி வீட்டுக்குத்தான் வந்தது.

கராஜுக்குப் புதிதாக யார் வந்தாலும் தவராசா சுவரிலிருந்த படத்தைக் காட்டுவான். "எங்கடை வீரகத்தியண்ணை வேதக்காரனாப் பிறந்திருந்தா, இதிலை நிக்கவேண்டியவர் அவர்தான்" என்பான். வந்தவர்கள் திரும்பி வீரகத்தியை இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

"ஓம்" என்பான் வீரகத்தி.