முகூர்த்தமும் அப்டேட்டும்

மகளின் கல்யாணத்தன்று நான் அதிகம் திட்டியது விசா மறுத்தவர்களையல்ல, மேசைமேல் இருந்த கணினியைத்தான். வேட்டி கட்டி, சால்வை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஒரு பெட்டியோடு சண்டை பிடித்த மனுசன் எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கல்யாணம் கடல் கடந்து நடந்தது. மகளுக்கு அங்கே வேலை; மாப்பிள்ளையும் அங்கேதான். நானும் மனைவியும் போவதென்று உடுப்பெல்லாம் அடுக்கி வைத்திருந்தோம். கடைசியில் விசா இல்லையென்று சொல்லிவிட்டார்கள். போனால் திரும்பி வரமாட்டோமாம். துறைமுகப் பக்கத்துக் கந்தோரில் தலை நரைக்கும்வரை வேலை செய்து, பென்சன் எடுத்து, வளவுக்குள் தேசிமரம் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறவன் அவர்களுடைய குளிருக்குள் ஒளிந்திருந்து என்ன செய்யப்போகிறேன்? இதை நான் மனைவியிடம்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் உடுப்புகளை மீண்டும் அலுமாரிக்குள் வைத்தாள்.

பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பது தாய் தகப்பன் செய்கிற காரியம். தகப்பன் பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பாள். எங்களுக்குப் பதிலாக அங்கே மனைவியின் தம்பியும் அவன் பெண்சாதியும் நிற்பதென்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். மகள் விடவில்லை. அங்குள்ள ஐயரோடு கதைத்து ஒரு வழி கண்டுபிடித்தாள். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை வைப்பார்கள், அதில் நாங்கள் இருவரும் தெரிவோம். கையைச் சேர்த்து வைப்பது மாமன்தான். ஆனால் "தந்தோம்" என்று வாயால் சொல்வது நான். நான் சொன்ன பிறகுதான் அங்கே தண்ணீர் விழும். அதே நேரத்தில் இங்கே என் மனைவியும் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வார்க்கலாம். ஐயர் இதற்கு ஒத்துக்கொண்டார். எனக்கு மிஞ்சிய கல்யாணம் அந்த ஒரு சொல்தான்.

அந்தச் சொல்லுக்காக நான் செய்த ஆயத்தம் கொஞ்சநஞ்சமல்ல. மகள் விட்டுப்போன மடிக்கணினியைத் துடைத்து மேசையில் வைத்தேன். அதிலிருந்த கமரா மங்கல் என்று வெளிக் கமரா ஒன்றைப் பூட்டினேன். சத்தம் காணாதென்று ஸ்பீக்கர்ப் பெட்டிகள் வந்தன. சொந்தக்காரர் எல்லாரும் இருந்து பார்ப்பதற்காக ரீவிக்கு ஒரு வயர் இழுத்தேன். தாலி கட்டும்போது இங்கேயும் நாதஸ்வரம் ஒலிக்கட்டுமென்று ஒரு பென் டிரைவும் செருகினேன். ஈச்சிலம்பற்றிலிருந்து முதல்நாளே பஸ்ஸேறி வந்திருந்த என் அக்கா கணினியின் மூடியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, இதுதான் மாப்பிள்ளை போல இருக்கிறது என்று சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஒத்திகை பார்த்தோம். மகள் அனுப்பிய இணைப்பை அழுத்தினால், முகம் பார்த்துக் கதைக்கிற அந்தச் செயலி திறக்கமாட்டேன் என்றது. கணினிக்குள் இருக்கிற இயங்குதளம் பழசாம். அதைப் புதுப்பித்துவிட்டு வரட்டாம். இது என்ன பெரிய காரியமென்று அப்டேட்டை அழுத்தினேன். இறக்கியது, சுற்றியது, தானாக அணைந்து தானாக எழும்பியது. நூறு சதவீதத்தை எட்டப்போகிறது என்று எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, சரிவரவில்லை, செய்த மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறேன், அணைக்கவேண்டாம் என்று எழுத்து வந்தது. ஏற்றுவதற்கு எடுத்த நேரத்தைவிடத் திரும்ப எடுப்பதற்குக் கூட நேரம் எடுத்தது.

கல்யாண நாள் விடிந்ததும் மறுபடி தொடங்கினேன். முகூர்த்தம் எங்கள் நேரப்படி பின்னேரம் என்பதால் நேரம் தாராளமாக இருக்கிறதென்று என்னையே தேற்றிக்கொண்டேன். ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். கடைத்தெருவில் கணினி திருத்துகிறவர் போனில் சொன்னபடி தேவையில்லாத படங்களையும் பாட்டுகளையும் அழித்து உள்ளே இடம் உண்டாக்கினேன். வைரஸுக்குக் காவல் இருக்கிற மென்பொருளையும் நிற்பாட்டினேன். ஒன்றுக்கும் அது மசியவில்லை. ஒவ்வொரு தரமும் கிட்டக் கிட்டப் போய், பிறகு ஒன்றும் நடவாதது போலப் பழைய முகத்தோடு திரும்பி வந்து நின்றது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையில் இருப்பேன், எழும்புவேன், கேற் வரைக்கும் போவேன், சதவீதம் ஏறியதா என்று ஓடி வருவேன். ஒருமுறை கேற்றடிக்குப் போனபோது, காலையில் கட்டிய வாழைமரத்தின் இலையை தெருவில் திரிகிற ஊர் மான்களில் ஒன்று நின்று ஆறுதலாகத் தின்றுகொண்டிருந்தது. வேறு நாளென்றால் கையைத் தட்டிக் கலைத்திருப்பேன். அன்று, நீயாவது நல்லாச் சாப்பிடு என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அதற்குள் நிலாவெளியிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்கி, இருட்டாகக் கிடந்த ரீவிக்கு முன்னால் வரிசையாக இருந்துவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் வெப்பம் கூடிவிட்டது, ஃபானைத் திருப்பிவிடுங்கோ என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிவிட்டேன்.

திரும்பவும் கடைக்காரரை அழைத்தேன். அவர் இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். கணினியில் வெளியிலிருந்து என்னென்ன செருகியிருக்கிறது என்றார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"ஐயா, உதுதான் வினை," என்றார் கடைசியில். "ஏத்திற நேரத்தில வெளிச்சாமான் கொழுவிக் கிடந்தா அது குழம்பித் திரும்பியிடும். கரண்ட் வயரைத் தவிர எல்லாத்தையும் கழட்டிப்போட்டுச் செய்யுங்கோ."

அவ்வளவு பாடுபட்டுப் பூட்டியதையெல்லாம் கழற்றினேன். கமரா போனது, பெட்டிகள் போயின, நாதஸ்வரம் போனது. ரீவி வயரைப் பிடுங்கும்போது நிலாவெளிக்காரர் பார்த்த பார்வையைப் பார்க்காதது போல இருந்துவிட்டேன். அலங்காரமெல்லாம் களைந்து, சந்தனப் பொட்டோடு மட்டும் அது மறுபடி சுற்றத் தொடங்கியது. ஆனால் மணியைப் பார்த்தால் இனிப் போதாது என்று தெரிந்தது.

போனில் எடுக்கலாம்தானே என்று அக்கா கேட்டார். என் போனுக்கும், வந்திருந்தவர்களின் பழைய போன்களுக்கும் அந்தச் செயலி சரிவராது. சும்மா அழைத்தாவது அந்தச் சொல்லைச் சொல்லிவிடலாம் என்று மனைவி தன் தம்பிக்கு அழைத்தாள். மேலுக்குச் சட்டையில்லாமல் வேட்டியோடு மணவறையில் இருக்கிறவன் போனை எங்கே வைத்திருப்பான்? அவன் பெண்சாதிக்கு அழைத்தோம். அவளுடைய கைப்பை எந்தக் கதிரையில் கிடந்ததோ, மணி போய்க்கொண்டே இருந்தது. மகளுடைய போனுக்கும் அழைத்தோம். ஒரு மண்டபம் நிறைய ஆட்கள், ஆளுக்கொரு போன், ஒருவரும் எடுக்கவில்லை.

ஐயர் குறித்துத் தந்த நேரம் வந்தது. கணினியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இனி எங்களை யார் பார்த்துக்கொண்டிருக்கப்போகிறார்கள், எல்லாம் முடிந்திருக்கும் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. செம்பை எடுத்து வரச் சொன்னேன்.

"பிள்ளை காத்திருப்பாள்," என்றாள் மனைவி.

"காத்திருந்தா ஏன் ஒருத்தரும் போன் எடுக்கினமில்லை? வாரும், வார்த்து முடிப்பம்."

அவள் செம்பை எடுத்து வந்தாள். தாம்பாளத்துக்கு மேலே செம்பைச் சரித்தாள். நான் அந்தச் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்து, "தந்தோம்" என்றேன். பஸ்ஸில் மனமில்லாமல் இடம் விட்டுக்கொடுக்கிறவன் சொல்வதைப் போலச் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நிலாவெளிக்காரர், எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மனைவி வெறுஞ்செம்போடு குசினிக்குள் போய்விட்டாள்.

அவளுடைய போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மைத்துனனின் பெண்சாதி. பின்னால் மேளச் சத்தம்.

"அத்தான், எங்க நிக்கிறியள்? பிள்ளை கையைக் குடுக்கமாட்டன் எண்டு இருக்கிறாள். அப்பா வந்து சொல்லட்டாம். ஐயர் பாவம், மந்திரத்தை இழுத்துக்கொண்டு நிக்கிறார்."

இந்தா வாறம், இந்தா வாறம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். போனை வைக்காமலே கணினியின் முன்னால் போய் நின்றேன். அது ஒருதரம் அணைந்தது. எல்லாரும் எழும்பி என் முதுகுக்குப் பின்னால் நெருங்கி நின்றார்கள். திரும்ப எடுக்கிறேன் என்ற அந்த எழுத்து வரப்போகிறதென்று காத்திருந்தேன். வரவில்லை. நீல வெளிச்சத்தோடு, வாருங்கள் என்று வரவேற்று, திறந்துகொண்டது. செயலியை அழுத்தினேன். அதுவும் திறந்தது.

பெரிய ரீவி சும்மா கிடக்க, அந்தச் சின்னத் திரைக்குள் மகள் தெரிந்தாள். தலை நிறையப் பூ. பக்கத்தில் மாப்பிள்ளை, அவர்களுக்கு முன்னால் என் மைத்துனன். எங்களைக் கண்டதும் மண்டபத்தில் கைதட்டியது சத்தம் காணாத அந்தக் கணினிக்குள்ளாலும் நன்றாகக் கேட்டது. மனைவி செம்பைத் திரும்ப நிரப்பிக்கொண்டு ஓடி வந்து என் அருகில் நின்றாள். ஐயர் மந்திரத்தை முடித்து, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

கொஞ்சம் முன்னால் எவ்வளவு இலகுவாகச் சொன்ன சொல் அது. அப்போது கோபம் இருந்தது, கோபத்தோடு கொடுத்துவிட்டேன். இப்போது கோபமில்லை. அவள் முகம்தான் இருந்தது. இந்தப் பிள்ளையை என்னால் கொடுக்க ஏலாது என்றுதான் எனக்குத் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

"அப்பா, சத்தம் வரேல்லை," என்றாள் மகள்.

மியூட்டில் இருக்கிறார்கள் என்று மண்டபத்தில் யாரோ சொன்னார்கள். மைத்துனன் காதைத் தொட்டுக் காட்டினான். எனக்குப் பின்னால் நின்ற நிலாவெளிக்காரர் ஒருவர், பெட்டிகளைக் கழற்றினபடியால்தான், திரும்பக் கொழுவினால் சரிவரும் என்று வயரைத் தேடினார். மாப்பிள்ளை எழும்பி அவர்கள் பக்கத்துக் கணினியில் எதையோ அழுத்திப் பார்த்தார். ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அதில ஒரு பிழையும் இல்லை," என்றாள் மனைவி. "அவருக்குத்தான் ஏலாமக் கிடக்கு. கொஞ்சம் பொறுங்கோ."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அங்கே எல்லாருக்கும் கேட்டுவிட்டது. மகள் கண்ணைத் துடைக்கவில்லை, மை கரையுமென்று நினைத்தாளோ என்னவோ. முகத்தைக் கொஞ்சம் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ அப்பா. நான் எழும்பிப் போகேல்லை."

சொன்னேன். பாதிக் குரல்தான் வந்தது. மனைவி தண்ணீரை வார்த்தாள். அதற்குப் பிறகுதான் மகள் கையை நீட்டினாள்.