ராணி மறுத்த ஆட்டம்

பழந்துணி சுற்றிய இரும்பு வளையம் ஒன்று என் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. தண்ணீர்க் குடத்துக்கான சும்மாடு என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அது பொம்மலாட்டத்தில் என் அப்பா தலையில் மாட்டிக்கொண்டது. பொம்மையைத் தாங்கும் கயிறுகளை அதில்தான் கட்டுவார்கள். கைகளை மட்டும் இரண்டு கம்பிகளால் ஆட்டுவார். அவர் தலை எப்படித் திரும்புகிறதோ, திரைக்கு முன்னால் பொம்மையும் அப்படியே திரும்பும். ஆகவே ஆட்டத்தின் நடுவே யார் என்ன கேட்டாலும் தலையாட்டக் கூடாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டு, ஆமாம் என்பதற்குக்கூட அப்பாவின் தலை அசையாது. வாயோ "ஆகட்டுங்க" என்பதைத் தவிர வேறெதற்கும் பழகவில்லை. உழவு மாட்டை இரவல் கேட்டவருக்கும் ஆகட்டுங்க, அதை நொண்டியாக்கிக் கொண்டுவந்து விட்டவர் மறுபடி கேட்டாலும் ஆகட்டுங்க.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மாசி மாதம், காரமடைத் தேருக்கு அப்பாவின் ஆட்டம். அம்மாவின் தம்பி, என் மாமன், மனைவியை இழந்து என்னை இரண்டாம் தாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தோட்டம் துரவு உண்டு. முதல் மனைவியை அடித்ததும் ஊரறிந்த கதைதான். "உங்கொப்பாரு ஆகட்டுங்கன்னு சொல்லிப்போட்டா என்ன கண்ணு பண்றது?" என்று அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. அந்த ஆள் வாசலில் தெரிந்தாலே நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மாமன் எழுந்து திரைக்குப் பின்னால் போனார். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடிழந்த ராஜா, காட்டுக்கு வருகிறாயா என்று ராணியைக் கேட்கும் கட்டம். அப்பா ஆட்டிய ராணி பாடிக்கொண்டே சம்மதித்துத் தலையசைக்க வேண்டும். வருகிறேன் சுவாமி என்று பாடியபடியே ராணி வெடுக்கு வெடுக்கென்று மறுத்துத் தலையாட்டினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்பாட்டுக்காரர் சுதாரித்து, நகைநட்டெல்லாம் வேண்டாமாம், நாதன் மட்டும் போதுமாம் என்று பாடிச் சமாளித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க மச்சான், புள்ளையக் குடுக்கறீங்களா இல்லீங்களா, இப்பவே சொல்லிப்போடுங்க" என்று மாமன் அப்பாவின் காதருகே போய்க் கேட்டிருக்கிறார். அப்பாவுக்குக் காலில் சலங்கை, இரண்டு கையிலும் கம்பி, வாயில் ராணியின் பாட்டு. மிச்சமிருந்தது தலை ஒன்றுதான். "நான் எங்க அம்மணி சொன்னேன்? தலை சொல்லிப்போட்டுது" என்று அம்மாவிடம் பிறகு வருத்தப்பட்டார். ஆட்டம் கெட்டதற்கு வருத்தமா, மாமன் உறவு அறுந்ததற்கா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்த வருஷம் கோயமுத்தூரில் மில் வேலை பார்த்த ஒருவர் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார். அப்பா பெட்டியைத் திறந்து, ராணி பொம்மையோடு சேர்த்து வளையத்தை எடுத்துவந்து என் தலையில் வைத்தார்.

"வாயில சொல்லக் கூச்சமா இருந்தா வேண்டாம் கண்ணு, தலையில சொல்லு" என்றார்.

கனம் கழுத்தை அழுத்தியது. நான் ஆமாம் என்று தலையசைத்தேன். எனக்கு முன்னால் ராணியும் அசைத்தாள்.

போன வாரம் என் பேத்தி, வந்த வரனை வேண்டாம் என்று வாயாலேயே சொன்னாள், காப்பி குடித்துக்கொண்டே. நான் வளையத்தை எடுத்துத் தூசி தட்டி, மறுபடி ஆணியில் மாட்டினேன்.