வலப்பக்கத்து மூச்சு

ஓசூரை அடுத்து கன்னட எல்லையோரம் இருந்த ஜூஜுவாடியில் சாக்குக்கடை வைத்திருந்த ஜமீர் அகமதுவின் மனைவி சுக்ராவுக்கு நோன்புக் காலத்தில் பசி ஒரு பொருட்டே இல்லை. தாகத்தையும் சமாளித்துவிடுவாள். பாக்குதான் அவளை ஆட்டிப்படைக்கும். மற்ற மாதங்களில் கண் விழித்ததிலிருந்து கடைவாயில் ஒரு துண்டுப் பாக்கு ஒதுங்கிக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் கிழிந்த சாக்கைத் தைக்கிற ஊசி அவள் கையில் நிற்காது. இருந்தும் நோன்பு விஷயத்தில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மயக்கம் வந்தது என்று எவளாவது ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் தீர்ந்தது, பெருநாள் வரைக்கும் அவளைச் சொல்லிக் காட்டியே சாகடிப்பாள். ஜமீரின் தங்கை ஹாஜிராவும் கல்யாணமான புதிதில் அந்த நாக்கில் மாட்டிக்கொண்டு அழுதவள்தான்.

சுக்ராவுக்குக் குழந்தை இல்லை. அவளுடைய சொந்தத் தங்கை பிரசவத்தில் இறந்துபோக, பிறந்து கண்கூடச் சரியாகத் திறக்காத ஜெய்னப்பைத் தூக்கி வந்து வளர்த்தாள். குழந்தை வந்த பிறகு சுக்ராவின் நாக்கு அடங்கிவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அடங்கவெல்லாம் இல்லை. ஊரைத் திட்ட நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ராத்திரியில் ஜெய்னப் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டால்தான் தூங்கும், அவளும் அப்படித்தான்.

அறுபத்தேழாம் வருஷம் நோன்பு மார்கழிக் குளிரில் வந்தது. ஒரு மத்தியானம் ஜமீர் செக்போஸ்ட் பக்கம் லாரியில் சாக்குக் கட்டு ஏற்றப் போயிருந்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் வேறு ஈ காக்கை இல்லை. சுக்ராவின் கை தானாக மாடத்துக்குப் போய் ஒரு துண்டுப் பாக்கை எடுத்தது. மெல்லக்கூட இல்லை, சும்மா ஒதுக்கிக்கொண்டாள். சாறு உள்ளே இறங்காத வரைக்கும் நோன்புக்கு என்ன குறை என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். வேறொருத்தி அப்படிச் சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜமீரின் குரல். திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள். பாக்கு உள்ளே போய்விட்டது. கண் பிதுங்க, முகம் கறுக்க இருமினாள். சாக்குத் தூசி என்று நினைத்த ஜமீர் முதுகில் தட்டினார். கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றது. வயிற்றுக்குப் போய்விட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் எல்லோருடனும் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதவள் போல நோன்பு திறந்தாள்.

பெருநாள் கழிந்து சில வாரங்களில் காய்ச்சல் வந்தது. பிறகு இருமல், சளி, வலப்பக்கம் படுத்தால் உள்ளே ஒரு கீச்சுச் சத்தம். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தாள். ஓசூரில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வலது நுரையீரலின் அடியில் நிழல் தட்டியிருந்தது.

“எப்பவாவது எதனா தொண்டையில சிக்குச்சாம்மா? புரையேறுச்சா?” என்று கேட்டார்.

பக்கத்தில் ஜமீர் நின்றிருந்தார். “இல்லீங்க,” என்றாள் சுக்ரா.

வெட்கம் பாதிக் காரணம். மீதிப் பாதி அதைவிட மோசம். பாக்கு வயிற்றில் போய் எப்போதோ செரித்துவிட்டது, இந்த நோய் நோன்பை முறித்ததற்கு மேலேயிருந்து வந்த தண்டனை என்று அவள் தீர்மானமாக நம்பினாள். தண்டனைக்கு டாக்டரிடம் என்ன மருந்து இருக்கப்போகிறது? டாக்டர் காசநோய்க்கு ஊசி எழுதிக் கொடுத்தார்.

காசம் என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் குழந்தையை அங்கே வைத்திருக்கக் கூடாது என்றார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஹாஜிரா வந்து ஜெய்னப்பைத் தூக்கிப்போனாள். குழந்தைக்கு அப்போது ரெண்டு வயசு. பஸ் ஏறுகிற வரைக்கும் அது கத்திய கத்தல் ரோடு வரைக்கும் கேட்டது. சுக்ரா வெளியே வரவில்லை. சாக்குக் கட்டுகளுக்கு நடுவே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு அவளோடு யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. தெருப்பெண்கள் வாசலில் நின்று நலம் விசாரித்து, பதிலைக் கேட்பதற்குள் போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லோர் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன. ஜமீர் நல்ல மனுஷன்தான். வேளாவேளைக்கு மாத்திரை வைப்பார், கடையிலேயே படுத்துக்கொள்வார். அந்தத் தனிமையில் அவள் எவ்வளவு அழுதாள் என்று அவருக்கே தெரியாது.

சளியை எத்தனை தடவை சோதித்தும் காசக் கிருமி அகப்படவில்லை. ஊசியும் கேட்கவில்லை. குழம்பிப்போன ஓசூர் டாக்டர் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே, மூச்சுக்குழாய்க்குள் விளக்கு வைத்த குழலை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மத்திகிரியைச் சேர்ந்த பவுலினா என்ற நர்ஸ் அங்கே இருந்தாள். தமிழ்க்குரல் கேட்டதிலேயே சுக்ராவுக்குப் பாதி உயிர் வந்தது. தொண்டை மரத்துப்போக மருந்தைப் பீய்ச்சி, மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணைத் துணியால் மூடினார்கள். பவுலினா அவள் தலையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துப் பின்பக்கம் சாய்த்தாள்.

“மூச்ச நிறுத்தாதீங்க அக்கா. நாய் மூச்சு வாங்குமே, அப்படி வாங்குங்க. நான் புடிச்சிருக்கேன்.”

நேரான இரும்புக் குழல் பல்லைத் தாண்டி, நாக்கைத் தாண்டி உள்ளே இறங்கியது. செத்தோம் என்றே நினைத்தாள். கத்த வாயில்லை, திமிர இடமில்லை. அந்த நிலையிலும் அவளுக்குத் தலையைப் பிடித்திருந்த கைகள் நன்றாகத் தெரிந்தன. இத்தனை மாதத்தில் அவளை ஒரு மனுஷி அவ்வளவு நேரம் தொட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டர் கட்டி இருக்கும் என்றுதான் தேடியிருக்கிறார். சீழை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தால் கறுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. நீளமான இடுக்கியைக் குழலுக்குள் விட்டுப் பிடித்தார். ஒரு தடவை நழுவியது. மறுதடவை பிடித்த பிடியை விடாமல் குழலோடு சேர்த்தே வெளியே இழுத்தார்.

“அடிகே!” என்றார் அந்தக் கன்னட டாக்டர், நம்ப முடியாமல்.

எல்லையில் வாழ்கிறவளுக்கு அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடியிருந்த துணியை எடுத்ததும், தட்டில் கிடந்த பாக்கைச் சுக்ரா பார்த்தாள். தண்டனையும் இல்லை, காசமும் இல்லை. அன்றைக்கு டாக்டர் கேட்டபோது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெய்னப் அவளை விட்டுப் போயிருக்கவே வேண்டாம்.

குரல் திரும்பியதும் ஜமீரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “அல்லா மன்னிப்பான். ராத்திரி போட்ட பாக்குன்னு வெளியில சொல்லிக்கலாம் விடு. என்னாத்துக்கு நாலு பேருக்குத் தெரியணும்?” என்றார்.

உடம்பு தேறியது. காய்ச்சல் விட்டது. காசம் இல்லை, ராத்திரி போட்ட பாக்குதான் சிக்கியிருந்தது, குழந்தையை அனுப்பு என்று ஜமீர் கிருஷ்ணகிரிக்கு ஆள்விட்டார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார், அதே பதில். சுக்ரா புரிந்துகொண்டாள், அல்லது புரிந்துகொண்டதாக நினைத்தாள். பாக்கால் இத்தனை மாதம் ஒருத்தி இருமினாள் என்றால் யார் நம்புவார்கள்? காசத்தை மறைக்கப் புருஷன் கட்டிய கதை என்றுதானே நினைப்பார்கள்? தன்னையே கேவலப்படுத்திக்கொண்டு யாரும் பொய் சொல்லமாட்டார்கள், நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் பிள்ளை கிடைக்கும். மானமா பிள்ளையா என்று அவள் ரொம்ப யோசிக்கவில்லை. ஜமீரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஹாஜிராவின் வீட்டில் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்களும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்.

“எனக்குக் காசம் இல்ல ஹாஜிரா. நோன்புல, பட்டப்பகல்ல, வாயில பாக்கு வெச்சேன். அவரு வர்ற சத்தம் கேட்டுப் பயந்து உள்ள இழுத்துட்டேன். ஊரையெல்லாம் பேசினவ நான்தான் நோன்ப முறிச்சேன். இதுதான் நிசம்.”

ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துக்கொண்டாள். இனிமேல் எந்த வீட்டு நோன்பிலும் தன் பேச்சு எடுபடாது என்று சுக்ராவுக்குத் தெரிந்தது. போகட்டும் என்று நின்றாள்.

ஹாஜிரா தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

“சீக்கு இல்லேன்னு அண்ணன் சொன்னப்பவே நம்பிட்டேன் அண்ணி. இதெல்லாம் நீங்க சொல்லியிருக்கவே வேணாம். பாப்பா என்னை அம்மாங்குது. அதான் அனுப்ப மனசு வரல.”

அடுப்படியிலிருந்து ஜெய்னப் எட்டிப்பார்த்தாள். வளர்ந்திருந்தாள். சுக்ரா கையை நீட்டினாள். குழந்தை அந்தக் கையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, பிறகு ஓடிப்போய் ஹாஜிராவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“நம்ம புள்ள. தூக்கிக்கோ. ரெண்டு நாள் அழும், அப்புறம் சரியாயிடும்,” என்றார் ஜமீர்.

சுக்ராவின் காதில் அன்றைக்கு ரோடு வரைக்கும் கேட்ட கத்தல் இன்னும் இருந்தது. அதை இன்னொரு தடவை கேட்க அவளால் ஆகாது.

“வேணாங்க. இருக்கட்டும்,” என்றாள்.

திரும்புகிற பஸ் சூளகிரியைத் தாண்டியது. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து ஜமீர் பயந்துபோய், “மூச்சு முட்டுதா?” என்று கேட்டார்.

“இல்லீங்க, நல்லாத்தான் வருது,” என்று அழுதுகொண்டே சொன்னாள்.