செம்மேட்டில் ஒரு பலாப்பழ ஜூஸ்

மகளுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் குடித்தாலே உதடு வீங்கி மூச்சு இரைக்கும்.

இன்று செம்மேட்டு ஜூஸ் கடையில் "பால் சேராத பலாப்பழ ஜூஸ்" என்ற பலகையைப் பார்த்து ஆசைப்பட்டாள்.

கடைக்காரர் சுளையையும் தேங்காய்ப்பாலையும் மிக்ஸியில் அடித்தார். கடைசியில் ஏதோ வெள்ளைத் தூளைக் கொட்டினார்.

"ஏனுங்க, அது என்னங்க?"

"பால் பவுடருங்க. கெட்டியா வரணுமில்லீங்களா?"

"பலகையில பால் சேராதுன்னு போட்டிருக்கீங்களே!"

"பால் எங்கீங்க ஊத்துனேன்? இது பவுடருங்க."

சிரித்துக்கொண்டே டம்ளரை மகளிடம் நீட்டினார். பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். இதுவரை எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பாரோ!

வீட்டுக்கு வந்து தேங்காய் அரைத்து, பால் பிழிந்து, பலாச்சுளை போட்டு நானே அடித்துக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தாள்.

பால் பவுடரில் பால் இல்லையென்றால், அவர் வீட்டு மிளகாய்த்தூளில் மட்டும் காரம் இருக்குமா? நீங்களே சொல்லுங்கள்.