ஓட்டுக்குக் கீழே நின்ற குழாய்

எங்கள் வீட்டுக்குப் புகையில்லா அடுப்பு வந்த வருஷம், எங்கள் லைனில் இருந்த ஒருவருக்கும் மூக்கே கிடையாது என்று நான் முடிவு கட்டினேன். எட்டு வயதில் எடுத்த முடிவு. அதை மாற்றிக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அப்பா அங்கே காப்பிச் செடிகளின் கிளையைக் கழித்துக் கவாத்து வெட்டுகிறவர். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே நீளக் கூரையின் கீழ் ஆறு வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஏறிவிட்டு, இதுவே அதிகம் என்பதுபோல நின்றுவிடும். அதற்கு மேல் ஓடு வரைக்கும் எல்லா வீட்டுக்கும் பொதுவான இடம்தான். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் மற்ற வீடுகளிலும் சோறு கூடுதலாக இறங்கும். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குத் தனியாக யாரும் வந்து பஞ்சாயத்துக் கேட்க வேண்டியதில்லை, படுத்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

மற்ற வீட்டுக்காரர்கள் பின்னால் சாய்ப்பு இறக்கி அங்கே அடுப்பு வைத்திருந்தார்கள். எங்கள் வீடு பள்ளத்துப் பக்கம் கடைசி வீடு. அதன் முதுகில் ஒரு பெரிய பாறை உட்கார்ந்திருந்தது. சாய்ப்புக்கு இடமில்லாததால் எங்கள் சமையல் மட்டும் வீட்டுக்குள்ளேயே நடந்தது. கேஸ் சிலிண்டர் ஒன்று இருந்தது. பழைய சேலையில் தைத்த உறை போட்டு, விருந்தாளி வந்தால் டீ வைப்பதற்கு என்று அம்மா அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். தீர்ந்தால் அடுத்தது எப்போது மலை ஏறி வரும் என்று யாருக்கும் தெரியாது. விறகு கேட்டால் எஸ்டேட்டே கொடுக்கும். அந்தக் குளிரில் குளிக்க வெந்நீரும் வேண்டும். ஆக வெட்டிப்போட்ட காப்பிக் கொம்பும் சில்வர் ஓக் மரக்கிளையும் விடிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குள் எரியும். அம்மா இருமுவாள். சேலம் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இனி புகையில் உட்கார்ந்தால் நெஞ்சு தாங்காது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் வெள்ளக்கடை மாமா களத்தில் இறங்கினார். அம்மாவின் தம்பி, கொத்தனார். புகையில்லா அடுப்புக் கட்டுவதை எங்கோ போய்க் கற்றுக்கொண்டு வந்து, யாராவது மாட்டுவார்களா என்று காத்துக்கொண்டிருந்தார். செய்தி கேட்ட மறுநாளே அடிவாரத்தில் சிமென்ட் குழாய் வாங்கி பைக்கில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு மலை ஏறினார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் குழாய் முதலில் திரும்பி, அப்புறம் மாமா திரும்பினாராம். எதிரே வந்த பஸ் பீரங்கியைக் கண்டதுபோல நின்றுவிட்டது என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

மாமா அடுப்பைவிடச் சட்டதிட்டங்களைத்தான் அதிகம் கொண்டுவந்திருந்தார். விறகு சிறிதாகப் பிளந்திருக்க வேண்டும், காய்ந்திருக்க வேண்டும். குழாயின் மேல் ஈரத்துணி காயப்போடக் கூடாது. மாதம் ஒருமுறை உள்ளே படியும் கரியைத் தட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கரியே ஒருநாள் தீப்பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குழாய் ஓட்டைத் தாண்டி வெளியே போய், தலையில் தகரத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கல்யாண மந்திரம் கேட்பதுபோல அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

கடைசிச் சட்டத்தில்தான் சிக்கல். வீட்டில் குடியிருப்பது நாங்களாக இருக்கலாம், ஓடு எஸ்டேட்டுடையது. அதில் கை வைக்க, எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் உத்தரவு தர வேண்டும். ரைட்டர் நல்ல மனிதர். யாருக்கும் முடியாது என்று சொன்னதே இல்லை. “ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேனுங்க” என்பார். மழைக்காலம் தொடங்கும்போது அப்பா கேட்டார். மழைக்காலம் முடிந்து காப்பி பழுக்கத் தொடங்கியும் அந்த ஒரு வார்த்தை ரைட்டரின் வாயிலேயே இருந்தது. முதலாளி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். தும்மல் வந்தால்கூட ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தும்முவார் என்று மாமா சொல்வார்.

ஒருநாள் அப்பா, அடுப்பைக் கட்டிவிடலாம் என்று மாமாவை வரச் சொன்னார். மண்ணும் செங்கல்லுமாக அடுப்பு எழும்பியது. குழாய் மேலே ஏறி, ஓட்டுக்கு ஒரு முழம் கீழே நின்றது. அதன் தலையில் முழங்கை மாதிரி வளைந்த ஒரு துண்டை அப்பா மாட்டினார். ஏணியில் நின்றபடி விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்த்தார். அந்த வளைவை அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, கடைசியில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே மேட்டைப் பார்க்கும்படி வைத்தார். அழகுக்காகப் பாடுபடுகிறார் என்று நினைத்தேன்.

மாமாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “மச்சான், இது தப்புங்க. புகையைக் கூரைக்குள்ளயே சுத்த உட்டா ஆளைத் தூக்கிருமுங்க” என்றார்.

“கதவெல்லாம் தொறந்து வெச்சுக்குவாங்க. அதெல்லாம் பேசியாச்சு” என்றார் அப்பா.

யாரிடம் பேசியாச்சு என்று நான் கேட்கவில்லை. என் கவனமெல்லாம் அடுப்பில் இருந்தது.

மறுநாள் காலை அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். வீட்டுக்குள் புகை ஒரு இழைகூட இல்லை. விறகு எரிகிறது, பானை கொதிக்கிறது, அம்மாவின் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. சமைக்கும்போது அம்மாவின் முகத்தை நான் அதற்குமுன் சரியாகப் பார்த்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. லைன் முழுக்க ஓடி விஷயத்தைப் பரப்பக் கிளம்பினேன்.

ஆனால் லைனில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. வெயில் ஏறும்வரை குளிருக்குப் பயந்து கதவைத் திறக்காதவர்கள், அன்று பனி உள்ளே புகுந்து படுத்துக்கொள்ளும்படி கதவையும் ஜன்னலையும் ஆவென்று திறந்துபோட்டுவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, எங்கள் கோழி அவருடைய கீரைப்பாத்தியைக் கிளறிய நாளிலிருந்து அம்மாவோடு பேசாதவர், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுப் புகை கம்பளி விரித்ததுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

“உங்க ஊட்டுல புகையா பெரியம்மா?” என்றேன்.

“புகையா? பனி கண்ணு” என்றார்.

மூன்றாவது வீட்டுத் தாத்தாவும் பனி என்றார். அப்போதுதான் மூக்கைப் பற்றிய அந்த முடிவுக்கு வந்தேன். கோழி தாண்டி வந்ததற்குச் சண்டைக்கு வரத் தெரிகிறது, புகை தாண்டி வந்தால் தெரியவில்லையே என்று எனக்கு அவர்கள்மேல் இளக்காரமாகவும் இருந்தது.

காற்று எங்கள் பக்கத்திலிருந்து மேட்டைப் பார்த்து அடிக்கும். மேட்டில், அதே கூரையின் கீழ், கடைசி வீடு ரைட்டருடையது. அவர் வீட்டு அம்மாவுக்குக் குளிர் ஆகாது. ஜன்னல் இடுக்கில்கூடத் துணி செருகியிருப்பார். நடுவில் இருந்த வீடுகளில் கொஞ்சம் கொஞ்சம் இறங்கினாலும், கதவு திறந்திருந்ததால் புகை அங்கே தங்கவில்லை. நேராகப் போய் ரைட்டர் வீட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. முதலில் கரண்ட் ஒயர் கருகுகிறது என்று நினைத்து ரைட்டர் மெயினை அணைத்தார். அப்புறம் காப்பிக் கிடங்கில்தான் தீ என்று பதறி ஓடிப் பார்த்தார். அந்த அம்மா பட்டுப்புடவைகளை எல்லாம் கொடியில் போட்டு உதறுவதும், பனியில் நனைந்ததும் திட்டிக்கொண்டே எடுத்து வைப்பதுமாக இருந்தார்.

ஒரு காலையில் ரைட்டர் மஃப்ளரை மூக்கோடு சுற்றிக்கொண்டு வீடு வீடாக இறங்கி வந்தார். எங்கிருந்து புகை என்று கேட்டார். பெரியம்மா வாசலில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

“பனிதானுங்க. இந்த வருசம் கொஞ்சம் கறுப்பாவே எறங்குதுங்க.”

எங்கள் வீட்டுக்குள் வந்ததும் ரைட்டர் மஃப்ளரை இறக்கி, ஆழமாக மூச்சை இழுத்து விட்டார். லைனிலேயே காற்று சுத்தமாக இருந்த வீடு அதுதான். அம்மா முக்காலியைப் போட்டு, காப்பி கொடுத்தாள். அப்பா கதவோரம் நின்றார். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

“எங்க அடுப்புல புகையே வராதுங்க” என்றேன்.

“அப்படியா சாமி? வெறகு எரிஞ்சாப் புகை இல்லாம இருக்குமா? அது எங்கே போவுது?” என்றார் ரைட்டர்.

நான் குழாயைக் காட்டினேன். அவர் கண் என் விரலோடு குழாயில் ஏறியது. உச்சிக்குப் போய், அந்த வளைவில் திரும்பி, சுவருக்கு மேலே படர்ந்து, தன் வீட்டுத் திசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. வாயிலிருந்த காப்பியை அவர் விழுங்கவில்லை.

“ஓட்டுக்கு மேல உடலாமுன்னுதானுங்க கேட்டோம்” என்றார் அப்பா, மிகவும் பணிவாக. “நீங்க ஆபீசுல கேட்டுச் சொல்றேன்னீங்க. அதுவரைக்கும் ஓட்டுல கை வெக்கப்படாதில்லீங்களா? அதான் கீழயே நிறுத்திட்டோம்.”

அடுப்பை இடித்துவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அம்மா மறுபடி பழைய அடுப்பின் முன்னால் உட்கார வேண்டியதுதான். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரைட்டர் குழாயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். காப்பியை ஒருவழியாக விழுங்கினார்.

“எத்தனை ஓடு எடுக்கோணும்?” என்று கேட்டார்.

“ரெண்டு ஓடுங்க.”

மறுநாள் மாமா வந்து வளைவைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயைக் கூரைக்கு வெளியே ஏற்றி, தகரத் தொப்பி மாட்டினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ரைட்டர். ஆபீஸில் அவர் கேட்டாரா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அப்பா அடுப்புக் கட்டுவதற்கு முன்பே, ரைட்டர் வீட்டைத் தவிர ஒவ்வொரு வீட்டுக்கும் போய், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார் என்பதை, நான் காலேஜில் படிக்கும்போதுதான் மாமா சொன்னார். ஒரு வீட்டில்கூட மறுபேச்சு இல்லையாம்.

குழாய் வெளியே போனதற்கு மறுநாள் அம்மா கூடை நிறைய ஆரஞ்சுப் பழம் எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனாள். நானும் போனேன். பேசி வெகுநாளானதால் எப்படித் தொடங்குவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

“செவுரெல்லாம் கரியாப் போச்சுங்களே” என்றாள்.

“சுண்ணாம்பு அடிச்சாச் சரியாப் போவுது. நேத்து ராத்திரி தூங்குனியா?”

“தூங்குனேனுங்க. விடிஞ்சதே தெரியல.”

“தெரியும். நானும் நொம்ப நாளைக்கு அப்பறம் நேத்துத்தான் நல்லாத் தூங்குனேன்” என்றார் பெரியம்மா.

அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புகையில் கிடந்து கண் சிவந்தவர் பெரியம்மா, அவர் எதற்கு அம்மாவைத் தூங்கினாயா என்று விசாரிக்கிறார், அதற்கு அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தச் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டிலிருந்து வருஷக்கணக்காக ஒவ்வொரு ராத்திரியும் அம்மாவின் இருமல் போய்க்கொண்டிருந்தது, அத்தனை வீட்டுக்காரர்களும் இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அது நிற்கட்டும் என்று காத்துக் கிடந்தார்கள் என்பதெல்லாம் எனக்கு எட்டவே இல்லை. நான் பிறந்ததிலிருந்து அந்த இருமலோடு தூங்கிப் பழகியவள். லைன் முழுக்க அடித்துப்போட்டது மாதிரி தூங்கிய அந்த ராத்திரியில், என்னவோ குறைகிறதே, என்ன என்று தெரியவில்லையே என்று புரண்டுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.