நாலாவது ராஜினாமா

இப்போது வேலை பார்க்கிற கம்பெனியில் என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது ஒரு சித்திரை மாதம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எச்.ஆர். அதிகாரிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். நான் நீட்டிய மூன்று ரிலீவிங் கடிதங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"போனஸ் வாங்கிட்டுப் போறவங்க தீபாவளிக்கு மறுநாளே போயிடுவாங்க சார். இன்க்ரிமென்ட் பத்தலன்னு போறவங்க ஏப்ரல்ல போவாங்க. நீங்க என்ன, மூணு கம்பெனியிலயும் மார்கழியில வெளிய வந்திருக்கீங்க? அந்த மாசம் உங்களுக்கு ஆகாதா?"

நானும் சிரித்தேன். சித்திரையில் நான் நன்றாகச் சிரிப்பேன். வாய்க்கு வந்த ஒரு பதிலைச் சொல்லி அவரையும் இன்னொரு தடவை சிரிக்க வைத்து, வேலையை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதை நோட்டில் எழுதினேன். எழுதினேனே தவிர, அதைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ.யோடு என் படிப்பு முடிந்தது. அதற்கப்புறம் படித்ததெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். ஆனால் புத்தகத்தைவிட எனக்கு மனிதர்கள் பேசுவது பிடிக்கும். யாராவது ஒரு வார்த்தை சுவையாகப் பேசிவிட்டால் அன்றைக்கே எழுதி வைப்பேன். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளிக் கூடை ஏற்றுகிற ஒருவர் சொன்னார்: "வெலை ஏறுனா தெலுங்குல பேசுவோம், எறங்குனா கன்னடத்துல வைவோம், கூடை தலையில இருந்தா எந்த பாசையும் வராதுண்ணா." குருபரப்பள்ளி டீக்கடைக்காரர் சொன்னது: "இங்க யாரும் வர்றதில்ல சார். எல்லாரும் இப்பிடியே போறாங்க. போறவங்கள நம்பித்தான் பால் வாங்கறேன்." இப்படி நாலு நோட்டு இருக்கிறது. தேதி போட்டுத்தான் எழுதுவேன். ஒவ்வொரு வருஷமும் கார்த்திகையிலிருந்து தை வரை ஒரு வரிகூட இல்லை என்பதையும் நான் கவனித்ததில்லை.

நாங்கள் விருதுநகர்ப் பக்கம். அங்கே வெயிலை வைவதுதான் பேச்சே. பதின்மூன்று வருஷத்துக்கு முன் ஓசூருக்கு வந்தபோது இந்தக் குளிரும் மூடுபனியும் எனக்கு இனாமாகக் கிடைத்தது போல் இருந்தது. இப்போது சூளகிரியில் ஒரு விவசாயி வீட்டின் பின்கட்டில் குடியிருக்கிறோம். நான், மனைவி, ஐந்தாவது படிக்கிற மகள். ஒவ்வொரு தடவை நான் வேலையை விட்டபோதும் வீடு மாறினோம். வீடு மாறியதால் மகளுக்குப் பள்ளிக்கூடமும் மாறியது. இது மூன்றாவது பள்ளிக்கூடம்.

என் வேலை இன்ஸ்பெக்ஷன். லேத்தில் கடைந்து வருகிற பாகங்களின் துளையில் கேஜைச் செருகிப் பார்க்க வேண்டும். கேஜின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. அப்படி இருந்தால் சரக்கு நல்ல சரக்கு. தூசி வரக் கூடாது என்பதால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காலை ஆறிலிருந்து, ஓவர்டைமோடு சேர்த்து, சாயங்காலம் ஆறு வரை. அஞ்சு மணி இருட்டில் பஸ் ஏறினால் ஏழு மணி இருட்டில் இறங்குவேன். சித்திரையில் இது ஒன்றும் தெரியாது. போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்துவிடும். ஐப்பசி தாண்டினால் வாரத்தில் ஆறு நாள் நான் சூரியனைப் பார்ப்பதில்லை. ஏழாவது நாள் தூங்கிவிடுவேன்.

அந்த மாதங்களில் எனக்கு வருவதை வருத்தம் என்று சொல்ல முடியாது. வருத்தப்பட ஒரு ஆள் வேண்டும் இல்லையா, அந்த ஆள் இருக்க மாட்டான். கை வேலை செய்யும். கேஜ் போகும், வரும். கேன்டீனில் மூன்று தட்டுச் சோறு சாப்பிடுவேன், பசி இருந்ததா என்று தெரியாது. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரி இருக்காது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஏதோ சொல்லி எல்லாரும் சிரிப்பார்கள். வாயை மட்டும் திறந்து மூடுவேன். கேஜின் ரெண்டு முனையும் உள்ளே போகாத சரக்கு போல இருப்பேன்.

போன வருஷம் கார்த்திகையில் மகள் ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு வாங்கி வந்தாள். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நான் வீட்டுக்கு வருகிறவரை அதைக் கையிலேயே வைத்திருந்து நீட்டினாள். "அப்படியா" என்றேன். மூடியைத் திறந்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"அப்பா இன்னும் டூட்டியிலயே இருக்காரும்மா. என் டிபன் பாக்ஸையும் செக் பண்றாரு."

வேறு மாதமாக இருந்தால் அதை எழுதி வைத்து ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் பஸ்ஸில் உட்கார்ந்து ராஜினாமா எழுதினேன். சூப்பர்வைசர் மரியாதை தருவதில்லை. கேன்டீன் சாம்பார் தண்ணீர். அறையில் காற்று இல்லை. ஒரு பக்கம் நிறைய எழுதி, தேதிக்கு மட்டும் இடம் விட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். விட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. விடுவது ஒன்றுதான் செய்வதற்கு இருப்பதாகத் தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் தெரிந்தது.

துவைக்க எடுத்த சட்டையில் மனைவி அதைக் கண்டுபிடித்தாள். அவள் சத்தம் போடவில்லை. பீரோவிலிருந்து பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்து, மூன்று ரிலீவிங் கடிதங்களையும் தரையில் என் முன்னால் வரிசையாகப் பரப்பினாள். நாலாவதாக இந்தத் தாளை வைத்தாள்.

"தேதியைப் பாருங்க."

பார்த்தேன்.

"நாலு கம்பெனியும் மோசம்னு சொல்லுங்க, நம்புதேன். சூப்பர்வைசர் நாலு பேருமே கெட்டவங்கன்னாலும் சரி. ஆனா நாலும் ஒரே மாசத்துலயா கெட்டுப்போகும்?"

அந்த எச்.ஆர். அதிகாரி சிரித்தது ஞாபகம் வந்தது.

"பிள்ளைய நாலாவது பள்ளிக்கூடத்துக்கு நான் கூட்டிட்டுப் போக மாட்டேன். அத மட்டும் சொல்லிட்டேன்" என்றாள். தாளை மடித்து அவளே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. வீட்டுக்காரம்மா சாமந்தி போட்டிருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே எங்களோடு தமிழ், பூ வியாபாரியோடு கன்னடம். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் எல்லாருமே அவருக்கு அண்ணாதான். இந்த மாதங்களில் பாத்திக்கு மேலே கம்பி இழுத்து வரிசையாக பல்பு தொங்கவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். மூன்று வருஷமாகப் பார்க்கிறேன். பூச்சிக்காக என்று நினைத்திருந்தேன். மனைவி அன்றைக்குத்தான் கேட்டாள், எதுக்குக்கா இந்த லைட்டு என்று.

"பகலு சின்னதாச்சுன்னா இதுக்கு வயசாயிட்டாப்புல ஆயிடும்மா. ஒரு சாண்கூட வளந்திருக்காது, அதுக்குள்ள மொட்டு வெச்சுட்டு நின்னுடும். இன்னும் பகலு இருக்குதுன்னு பல்பு போட்டு ஏமாத்தறோம்."

"செடிக்கு எப்படித் தெரியும்?"

"தெரியுதே. உங்க வூட்டுக்காரருக்கும் தெரியுதே. கார்த்திகை வந்தா என்கிட்ட பேசறத நிறுத்திடறாரு. மொதல்ல நான் வாடகையப் பத்திக் கேட்டதுல கோவம்னு நெனச்சேன்."

நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல இருந்தது.

அடுத்த லீவு நாளில் மனைவி என்னை கிருஷ்ணகிரிக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஃபைலையும் நோட்டுகளையும் பையில் எடுத்து வந்திருந்தாள். டாக்டரம்மா கேட்டார்.

"அழுகை வருதா?"

"இல்ல மேடம்."

"உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?"

"அதுகூடத் தோணல மேடம்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் நோட்டுகளைப் புரட்டினார். தேதிகள் கார்த்திகையில் நின்று மாசியில் தொடங்குவதைக் காட்டி, இதற்குப் பருவகால மனச்சோர்வு என்று பேர் என்றார். நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பதில்லை, ஆனால் பகலையே பார்க்காமல் வேலை செய்கிறவருக்கு வரலாம். "ரூம்ல நெறைய டியூப் லைட் இருக்கு மேடம்" என்றேன். "அது துளையைப் பாக்கப் போதும். உங்களுக்கு வானத்து வெளிச்சம் வேணும். மேகமா இருந்தாலும் சரி, காலையில வெளியில நில்லுங்க." ஒரு மாத்திரையும் எழுதினார். கடைசியாகச் சொன்னார்: "தை முடியறவரைக்கும் வேலைய விடறது, வீட்ட மாத்தறது, பெரிய முடிவு எதுவும் வேண்டாம். இப்ப முடிவு எடுக்கறது நீங்க இல்ல."

காலையில் வெளியில் நிற்க வேண்டும் என்றால் ஷிஃப்ட் மாற வேண்டும். அதற்கு ஒருவரிடம் போய் வாயைத் திறந்து கேட்க வேண்டும். மூன்று நாள் சூப்பர்வைசரின் கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பினேன். நாலாவது நாள் உள்ளே போய் இரண்டாவது ஷிஃப்ட் வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செகண்ட் ஷிஃப்ட்ட வேண்டாம்னு அழறவங்களத்தான் பாத்திருக்கேன். கேட்டு வாங்க வந்த மொத ஆள் நீங்க. காலையில வேற கம்பெனிக்குப் போறீங்களா?"

"இல்ல சார்."

"நெலம் வாங்கியிருக்கீங்களா? ஆட்டோ ஓட்டறீங்களா?"

"வெயில் பாக்கணும் சார்."

அவர் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். ஓவர்டைம் கிடைக்காது, பரவாயில்லையா என்றார். பரவாயில்லை என்றேன். தை கடைசி வரைக்கும் போட்டுக் கொடுத்தார். மரியாதை தருவதில்லை என்று நான் எழுதியிருந்தது இவரைப் பற்றித்தான்.

அதிலிருந்து தினமும் காலையில் ஏழரைக்கு சாமந்திப் பாத்தி ஓரத்தில் போய் நிற்பேன். மூடுபனி. சூரியன் இருக்கிற இடம் மட்டும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரமும் ஒன்றும் நடக்கவில்லை. நின்றேன், மாத்திரை சாப்பிட்டேன், இரண்டு மணிக்கு டூட்டிக்குப் போனேன். தினமும் பெல்ட்டில் சரக்கு வருகிற மாதிரி காலை வந்தது. மனைவி ஜன்னல் வழியாக நான் நிற்கிறேனா என்று பார்ப்பது தெரியும். அவளுக்காகத்தான் நின்றேன். மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது "போயிட்டு வரேன்ப்பா" என்று அங்கே வந்து சொல்லிவிட்டுப் போவாள். மூன்று வருஷமாக அவள் கிளம்புவதை நான் பார்த்ததே இல்லை.

தை பிறப்பதற்கு நாலு நாள் முன்பு வீட்டுக்காரம்மா பொறுமை இழந்தார்.

"ஏன்ணா, தெனைக்கும் வந்து நிக்கறீங்க. பறவை வெரட்டற பொம்மை வாங்கற செலவு எனக்கு மிச்சம்னு பாத்தா, உங்க தோளு மேலயே மைனா ஒக்காந்துடும் போலருக்குது. ஒரு களையாச்சும் புடுங்குங்க."

குனிந்து களை பிடுங்கினேன். ஈர மண் விரலில் பட்டபோது சில்லென்று இருந்தது. குளிர்கிறது என்று தெரிந்தது. அவ்வளவுதான். அதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு மனசில்லை. வீட்டுக்குப் போய்க் கை கழுவி, மைனா விஷயத்தை நோட்டில் எழுதினேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை. தேதி போட்டேன். என் நோட்டுகளில் மார்கழி மாதத்து வரி அது ஒன்றுதான்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில் துணி காயப் போட்டுவிட்டு வந்த மனைவி அந்த ராஜினாமாவை என் முன் வைத்தாள்.

"நீங்க எழுதினது. குடுக்கிறதுன்னா இப்பக் குடுங்க, நான் தடுக்கல."

படித்தேன். கையெழுத்து என்னுடையது. எழுதினவனை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், சரக்கைப் பார்க்கிற மாதிரி. சூப்பர்வைசர் பற்றிய வரி தேறவில்லை. காற்று இல்லை என்பது பாதி சரி. சாம்பார் பற்றிய வரி முழுக்க உண்மை.

"வேலைய விடல" என்றேன்.

அவள் தாளைக் கிழிப்பாள் என்று நினைத்தேன். கிழிக்காமல் அந்த மூன்று கடிதங்களோடு ஃபைலில் சொருகினாள்.

"இருக்கட்டும். வர்ற மார்கழியிலயும் தோணும்ல? புதுசா எழுத வேண்டாம், இதையே எடுத்துத் தாரேன். தேதி எடம் காலியாத்தான இருக்கு."

மகள் ஆறாவதும் இங்கேதான் படிக்கப் போகிறாள். ஐப்பசியிலிருந்தே இரண்டாவது ஷிஃப்ட் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கார்த்திகையில் அந்தச் சோர்வு மறுபடி வருமா, வராமல் இருக்குமா, தெரியாது. வீட்டுக்காரம்மா மறுபடியும் நாற்று விட்டிருக்கிறார். பல்புகளைக் கழற்றி ஒரு சாக்கில் கட்டி, எங்கள் பின்கட்டின் பரணில் போட்டு வைத்திருக்கிறார்.