துடைக்காத கண்ணாடி

என் வீட்டுக்காரரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். மாங்காய் குடோனில் ஏழு வருடம் பெட்டி கட்டியவர், ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டு, கண்ணாடி கழுவும் தொழில் செய்யப் போகிறேன் என்றார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, அதை மறைப்பானேன்.

எங்கள் ஊரான முதலமடைப் பக்கம் போர்வெல் தண்ணீர் அப்படி. குடத்தில் நாலு நாள் நின்றால் அடியில் வெள்ளையாகப் படியும். கண்ணாடியில் பட்டுக் காய்ந்தால் புள்ளி புள்ளியாக உப்புப் பூக்கும். நங்கை செல்போனில் பார்த்துப் பிடித்த வழி, தண்ணீரிலிருந்து அந்த உப்பையெல்லாம் எடுத்துவிடுவது. பிறகு நீளமான கம்பின் நுனியில் ஒரு பிரஷ், கம்போடு ஏறும் குழாயில் அந்தச் சுத்தத் தண்ணீர். தரையில் நின்றபடியே மூன்று மாடி உயரத்துக் கண்ணாடியைத் தேய்த்து அலசலாம். சாரமும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். அலசியதும் அப்படியே காய விட்டுவிட வேண்டும். தண்ணீரில் ஒன்றும் இல்லாததால் கண்ணாடியிலும் ஒன்றும் நிற்காது.

வீட்டுக்குப் பின்னால் ஃபில்டர் பொருத்தினார். அது கழித்துத் தள்ளும் உப்புத் தண்ணீரைக்கூட வீணாக்க மனமில்லாமல் தென்னைக்கு வாய்க்கால் வெட்டினார். உப்பை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டாத தண்ணீரில் ஒரு சொட்டுகூட வண்டியில் ஏற்றும் டாங்கில் சேராது. நான் அவசரக்காரி, பத்து நிமிடம் உட்காரச் சொன்னால் பதினொரு தடவை எழுந்து போவேன். அவர் பொறுமையைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கம்பை மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையே சேர்த்துக்கொண்டார்.

முதல் வேலை ஒரு கல்யாண ஆடிட்டோரியம். முகப்பு முழுக்கக் கண்ணாடி, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வரிசை. மறுநாள் அங்கே கல்யாணம், சாயங்காலமே பெண்வீட்டார் வந்து இறங்கிவிடுவார்கள்.

"இது தேறலீன்னா நான் மறுக்கா குடோனுக்குத்தான் போகோணும், அம்மிணி" என்று வண்டியில் போகும்போது நங்கை சொன்னார். அவர் குரலில் பயமில்லை. பயமெல்லாம் எனக்குத்தான்.

மதியத்துக்குள் மூன்று வரிசையும் அலசி முடித்தோம். நங்கை குழாயைச் சுருட்டப் பின்பக்கம் போனார். ஆடிட்டோரியத்துக்காரர் வந்து, சொட்டச் சொட்ட நின்ற கண்ணாடியைப் பார்த்தார்.

"ஏனுங்க, தொடைக்காமயே உட்டுட்டுப் போறீங்க? புள்ளி புள்ளியா நிக்குமுங்களே" என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு மானம் போனது போலிருந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து பாத்திரத்தையும் ஜன்னலையும் ஈரம் காயுமுன் துடைத்தே பழகிய கை இது. தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை வாசல் குழாயில் நனைத்துப் பிழிந்து, கீழ்வரிசை முழுவதையும் துடைத்துத் தள்ளினேன்.

கண்ணாடி காய்ந்தது. மேல் இரண்டு வரிசையும், அங்கே கண்ணாடி இருக்கிறதா என்று சந்தேகப்படும்படி இருந்தன. கீழே என் கை போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு. ஆடிட்டோரியத்துக்காரர் நங்கையைக் கூப்பிட்டு, "இதென்னங்க?" என்று மட்டும் கேட்டார்.

நங்கை என் தோளில் கிடந்த ஈரத் தோர்த்தைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும்.

"கீழ இருக்கறது எங்க தப்புங்க. இங்கத்த போர்வெல் தண்ணியில தொடச்சுப்போட்டோம். மேல துணியே படலீங்க. ரெண்டையும் நீங்களே பாருங்க" என்றார்.

எங்க தப்பு என்றார். என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. புதிதாகச் சேர்க்க அரை நாள் ஆகும். நங்கை வால்வைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கம்பைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"நீயே அலசு. மேலிருந்து கீழ, அவசரப்படாம."

என்னை நம்பி இப்படி ஒரு வேலையை யாரும் அதுவரை கொடுத்ததில்லை. கடைசிக் கண்ணாடியை அலசும்போது தண்ணீர் நூலாக மெலிந்து நின்றுபோனது. அதன்பின் செய்ய ஒன்றுமில்லை, சும்மா நிற்க வேண்டும். அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை.

ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆடிட்டோரியத்துக்காரர் முகம் மலர்ந்து கிட்டே வந்தார். கடைசிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு மட்டும் இன்னும் காயாமல் இருந்தது. அவர் தன் தோள்துண்டை எடுத்து அதன்மேல் கொண்டுபோனார்.

நான் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதீங்க. அது தானாக் காயுமுங்க" என்றேன்.

பின்னால் நங்கை சிரிப்பது கேட்டது. அந்தச் சொட்டு காயும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.